கண்ணுக்குரிய பங்கு

"தென்னை மட்டை காய்ந்தால் விழுந்துவிடுகிறதே ஹஸ்ரத், பேரீச்சை மட்டை விழாதா?"

சில ஆண்டுகளுக்கு முன் ஹதீஸ் பாடத்தின் நடுவே ஒரு சிறு மாணவன் நம்மிடம் கேட்ட கேள்வி இது. மரங்களுள் இலை உதிராத ஒன்று உண்டென்றும், அது முஸ்லிமுக்கு உவமையானதென்றும் கூறி, அது எந்த மரம் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் வினவிய செய்தியை அன்று நடத்திக்கொண்டிருந்தோம். தோழர்களின் எண்ணமெல்லாம் பாலைவனத்து மரங்களின்பால் சென்றது. இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கோ அது பேரீச்ச மரம் என்று தோன்றியது. ஆயினும் பெரியவர்கள் மௌனமாக வீற்றிருக்கும் சபையில் பேச நாணி, அவர்கள் வாய் திறக்கவில்லை. புகாரி ஷரீஃபில் உள்ள இச்செய்தியை அறியாத மதரஸா மாணவர் இருக்க மாட்டார்.

பேரீச்ச மரத்தின் நிழல், கனி, ஆண்டு முழுவதும் குன்றாத பயன் என்று விரிவுரைகள் கூறும் விளக்கங்களையெல்லாம் நாம் குறைவின்றி எடுத்துரைத்தோம். ஆனால் அந்தப் பையன் கேட்டதோ வேறு. அவன் வீட்டுக் கொல்லையில் தென்னை நிற்கிறது. மட்டை விழும் ஓசையைக் கேட்டு அவன் தாயார் பிள்ளைகளை உள்ளே அழைப்பதுண்டு. அவன் தான் கண்டதை வைத்துக் கேட்டான். நாமோ காணாததை வைத்துப் பதில் சொன்னோம். "அது அரபு நாட்டு மரமப்பா, அப்படித்தான் இருக்கும்" என்று கூறிவிட்டு அடுத்த ஹதீஸுக்குப் போய்விட்டோம். ஏழாண்டு ஓதி ஸனது பெற்றிருந்த நமக்கு, அந்த மரத்தை ஒருமுறையேனும் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அன்பர்களே! இதை ஏதோ ஒரு சிறு மறதியாக எண்ணி நாமும் நெடுநாள் இருந்துவிட்டோம். அது மறதி அல்ல, ஒரு பெரும் அலட்சியம் என்பதை நமக்கு உணர்த்தியது ஒரு தோட்டம்.

ஒரு ஷவ்வால் மாத விடுமுறையில் குடும்பத்தாருடன் பெங்களூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். ஒருநாள் அஸருக்குப் பின் பிள்ளைகளை லால்பாக் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். இத்தோட்டத்தின் வரலாறு நம்மவர்களுக்கு அந்நியமானதல்ல. 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி அவர்கள் இதற்கு அடிகோலினார்கள். அவர்களுடைய மகனார் திப்பு சுல்தான் அவர்கள் தூர நாடுகளிலிருந்தும் செடிகளையும் விதைகளையும் வரவழைத்து இதனை வளர்த்தார்கள். 1799இல் திப்பு ஷஹீதான பின்னர் தோட்டம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1856இல் அரசின் தாவரவியல் தோட்டமாயிற்று. இங்குள்ள கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று ஏறக்குறைய 240 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் அரசர் உலவிய தோட்டத்தில் இன்று எவரும் உலவலாம்.

உள்ளே நுழைந்ததும் நம் எட்டு வயது மகள் கேட்கத் தொடங்கிவிட்டாள். "அத்தா, இது என்ன மரம்?" "ஏதோ மரம்மா." "அத்தா, அது?" "அதுவும் ஏதோ ஒரு மரம்தான்." மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. நம்மை நிமிர்ந்து பார்த்து, "அத்தாவுக்கும் தெரியாதா?" என்றாள். தெரியாது என்று ஒப்புக்கொள்வது ஆலிமுக்கு இழிவல்ல. ஆனால் நாம் தெரியாது என்று சொல்லவில்லையே! ஏதோ என்றல்லவா சொன்னோம்! தெரியாது என்பவன் ஒருநாள் தெரிந்துகொள்வான். ஏதோ என்பவன் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை என்று முடிவு கட்டிவிட்டான். ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்கள் அனைத்தையும் கற்றுக்கொடுத்தான் என்றும், அந்த அறிவைக் கொண்டே மலக்குகளின் முன் அவர்களைச் சிறப்பித்தான் என்றும் பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், அந்த ஆதமின் மகள் ஒருத்தி ஒரு பெயரைக் கேட்டபோது ஏதோ என்று கையை விரித்தோம்.

சற்றுத் தூரம் சென்றதும் நாகலிங்க மரம் ஒன்று நின்றது. இதன் பூக்கள் கிளை நுனியில் பூப்பதில்லை. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில், கைக்கெட்டும் உயரத்திலேயே பூக்கின்றன. நல்ல மணம். மகள் ஆசையோடு பார்த்தாள். நாம் யோசிக்கவேயில்லை. கையை நீட்டி ஒரு பூவைப் பறித்து அவளிடம் கொடுத்தோம். அருகில் சருகு கூட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெரியவர் துடைப்பத்தை நிறுத்தினார். கன்னடம் கலந்த தமிழில், "சாபு, கீழேயே நிறைய விழுந்து கிடக்குதே, பறிக்கணுமா?" என்றார். கோபமில்லாத குரல்தான். தரையைப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. பத்துப் பதினைந்து பூக்கள் வாடாமல் கிடந்தன. நமக்குப் பின்னால் ஒரு தாய் தன் சிறுவனுடன் நின்று, நம் கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பாகையும் தாடியுமாக நின்ற நமக்கு முகம் வியர்த்துவிட்டது.

வெட்கம் அன்றோடு தீர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருந்தது. கண் பார்த்து முடிக்கும் முன்னே கை ஏன் நீண்டது?

இக்கேள்விக்கு விடை தேடியபோது நம் உள்ளம் அல்அன்ஆம் ஸூராவின் இரண்டு வசனங்களில் போய் நின்றது. 99ஆம் வசனத்தில் மழையையும், அதனால் முளைக்கும் பயிர்களையும், பேரீச்சங்குலைகளையும், திராட்சை, ஜைத்தூன், மாதுளை ஆகியவற்றையும் அல்லாஹு தஆலா வரிசையாக எடுத்துக் கூறுகிறான். கூறிவிட்டு, அவை காய்க்கும்போதும் கனியும்போதும் அவற்றை உற்றுப் பார்க்குமாறு பணிக்கிறான். அதே ஸூராவின் 141ஆம் வசனத்திலும் ஏறத்தாழ அதே மரங்களைக் குறிப்பிடுகிறான். அங்கே அவற்றின் கனியை உண்ணுமாறும், அறுவடை நாளில் அதற்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுமாறும், வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் கட்டளையிடுகிறான். கவனியுங்கள்! பார்க்கச் சொன்னது முதலில். உண்ணச் சொன்னது பின்னர். உண்பதோடு பிறர் ஹக்கும், விரயம் கூடாதென்ற எச்சரிக்கையும் சேர்ந்து வருகின்றன. பார்ப்பதற்கோ அத்தகைய நிபந்தனை எதுவும் அங்கே கூறப்படவில்லை.

இதிலே நாம் உணர்ந்துகொண்டது இதுதான். ஒரு மரத்தில் கைக்கும் வாய்க்கும் ஒரு பங்கு உண்டு. அது உரிமையாளருக்கும், அவர் மூலம் ஏழைக்கும் உரியது. கண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. அது எல்லாருக்கும் உரியது. நாம் பழத்தைத் தின்றால் அடுத்தவருக்கு ஒரு பழம் குறையும். நாம் மரத்தைப் பார்த்தால் அடுத்தவருக்கு எதுவும் குறைவதில்லை. பொதுத் தோட்டம் என்பது கண்ணின் பங்கை மட்டுமே நமக்கு ஒதுக்கிக் கொடுத்த இடம். எல்லாருக்கும் அதில் பங்கு இருப்பதனாலேயே எந்த ஒருவரும் அதைத் தமதாக்கிக்கொள்ள முடியாது. நாம் பறித்த அந்த ஒரு பூவிலே, பின்னால் நின்ற சிறுவனின் பார்வைக்குரிய பங்கு இருந்தது. அதையும் சேர்த்தே பறித்துவிட்டோம்.

சரி, பார்ப்பது என்றால் என்ன? கண் திறந்திருப்பதெல்லாம் பார்ப்பது ஆகுமா?

அன்று தோட்டத்தில் குல்மோஹர் பூத்திருந்தது. நம் ஊர்களிலும் சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூட வாசல்களிலும் ரயிலடிகளிலும் செக்கச் செவேலென்று பூத்து நிற்கும் மரம்தான் அது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. பிறந்தது முதல் நாம் கண்ட மரம். கீழே விழுந்த ஒரு பூவை மகள் எடுத்து வந்து, "அத்தா, ஓர் இதழ் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது" என்றாள். நான்கு இதழ்கள் முழுச் சிவப்பு. ஐந்தாவது இதழ் மட்டும் சற்றுப் பெரியது. வெண்மையும் மஞ்சளும் கலந்து, சிவப்புக் கோடும் புள்ளியும் தெளித்திருந்தது. வேறு பூக்களையும் எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அப்படியே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு கோடையிலும் இந்த மரத்தைக் கண்டு மாஷா அல்லாஹ் என்று சொல்லியிருக்கிறோம். அந்த ஐந்தாம் இதழை அன்றுதான் பார்த்தோம். படிக்காத கடிதத்தின் அடியிலே கையெழுத்திடுவதைப் போல அல்லவா இத்தனை நாள் புகழ்ந்திருக்கிறோம்!

தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா நாடுகளைச் சேர்ந்த இம்மரம் இன்று வெப்ப நாடுகளின் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் குடையாக நிற்கிறது. மாலையானால் இலைகளை மடக்கிக்கொள்ளும். வானம் இருண்டாலும் மடக்கும். இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு முடிச்சில் நீர் ஏறி இறங்குவதால் இது நிகழ்கிறது. மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பள்ளிவாசல் போகும் வழியிலேயே இந்த மரம் தன் இலைகளை மடக்கிக்கொண்டிருக்கும். நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

இன்னொன்று சொல்வோம். மக்தபில் ஓதும் பிள்ளைகள்கூட வத்தீனி ஸூராவை மனனம் செய்திருக்கிறார்கள். அத்தியின் மீது ஆணையிட்டு அல்லாஹ் தொடங்கும் ஸூரா அது. நாட்டு அத்தியும் ஆலும் அரசும் அந்த அத்தியின் குலத்தைச் சேர்ந்தவையே. அரிதாக நடப்பதை அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்று முகம் சுளிக்கிறோம். இரண்டுமே உள்ளே பாராதவர்களின் பேச்சு. அத்தி பூக்காமல் இல்லை. அதன் பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கின்றன. நாம் காய் என்பது உண்மையில் உட்புறமாகப் பூத்த ஒரு பூங்கொத்து. கடுகளவே உள்ள ஒரு குளவி நுனித் துவாரத்தின் வழியே நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அந்த நெருக்கத்தில் சிறகுகளையும் இழந்துவிடுவது உண்டு. உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மாய்கிறது. அதன் பெண் மக்கள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியேறி அடுத்த காயைத் தேடிப் போகின்றன. ஒவ்வொரு வகை ஆலுக்கும் அத்திக்கும் பெரும்பாலும் தனக்கென்று ஒரு குளவி இனம் உண்டு. அந்தக் குளவி இல்லையேல் அந்த மரத்துக்கு இயற்கையில் விதையில்லை. நாம் புழு என்று வீசி எறிந்தது, அந்த மரத்தின் சந்ததி. இதை அறிந்த பின் வத்தீனி ஓதும் நாவுக்கும், அறியாமல் ஓதும் நாவுக்கும் நன்மையைக் கொடுப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் உள்ளத்தில் ஏற்படும் அச்சமும் வியப்பும் ஒன்றாக இருக்குமா?

இங்கே சில மறுப்புகள் எழலாம். அவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

"தாவர நூல் கற்றவர்கள் நம்மைவிட ஆயிரம் மடங்கு பார்க்கிறார்களே! அவர்களில் பலர் இறைவனை எண்ணுவதில்லையே! பார்ப்பதால் என்ன பயன்?" என்று கேட்கலாம். உண்மைதான். பார்வை மட்டும் ஈமானாகிவிடாது. ஆனால் அவர்கள் முதற் பாதியைச் செய்து இரண்டாம் பாதியை விட்டார்கள் என்றால், நாம் முதற் பாதியைச் செய்யாமலே இரண்டாம் பாதியைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். வானங்களும் பூமியும் படைக்கப்பட்டிருப்பதைச் சிந்திப்போரைத் திருமறை புகழும்போது, அவர்கள் சிந்தித்த பிறகே இவை வீணாகப் படைக்கப்படவில்லை என்று சொல்வதாகக் காட்டுகிறது. சிந்தனை முன், துதி பின். அவர்களைக் குறை கூறும் உரிமை, முதற் பாதியை நாம் முடித்த பிறகு வரட்டும்.

"பூங்காக்களில் ஒழுங்கீனங்கள் நடக்கின்றனவே, அங்கே போவது தகுமா?" என்று பெற்றோர் கவலைப்படலாம். அக்கவலையை நாம் எளிதாகத் தள்ளவில்லை. பார்வையைத் தாழ்த்துமாறு முஃமின்களுக்குக் கட்டளையிட்ட அதே வேதம், ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் பார்க்க மாட்டார்களா என்றும் வினவுகிறது. தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தவும், உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தவும் அறிந்த கண்ணே முஃமினின் கண். ஃபஜ்ருக்குப் பிந்திய நேரத்தில் குடும்பத்தோடு சென்று வரலாம். நல்லவர்கள் யாவரும் ஒதுங்கிக்கொண்டால் பொது இடம் எப்படி நல்லதாகும்?

"அந்த நேரத்தில் இரண்டு ஜுஸ்வு ஓதலாமே!" என்று சிலர் கூறுவர். ஓதுங்கள், தாராளமாக ஓதுங்கள். ஆனால் ஓதும்போது பார் என்று வரும் கட்டளையைத் தஜ்வீதோடு உச்சரித்துவிட்டு, பார்க்காமலே அடுத்த வசனத்துக்குப் போவது எவ்வகை நியாயம்? நம் மாணவனின் கேள்வியைத் தாண்டி அடுத்த ஹதீஸுக்குப் போனோமே, அதே பிழை அல்லவா?

அந்தக் கேள்விக்கு வருவோம். அன்று தோட்டத்தை விட்டு வெளியேறும் முன் ஓர் ஈச்ச மரத்தைக் கண்டோம். பேரீச்சையின் நெருங்கிய உறவு அது. நம் ஊர் ஏரிக்கரையிலும் அது நிற்கத்தான் செய்கிறது. அன்றுதான் நின்று பார்த்தோம். பழைய மட்டைகள் காய்ந்து பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் விழவில்லை. அதற்கும் கீழே, என்றோ வெட்டப்பட்ட மட்டைகளின் அடிக்கட்டைகள் மரத்தைச் சுற்றிப் படிபடியாக நின்றன. அருகே இருந்த தென்னையின் உடலிலோ, மட்டை தானாகக் கழன்று விழுந்த வளையத் தழும்புகள் மட்டுமே இருந்தன. பேரீச்சையும் ஈச்சையைப் போன்றதே. அதன் மட்டை காய்ந்தாலும் தானாகக் கழன்று விழுவதில்லை, மனிதன்தான் வெட்டி எடுக்க வேண்டும். மாணவன் கேட்டதற்கு விடை இதுவே. ஏரிக்கரை வரை நடந்திருந்தால் அன்றே சொல்லியிருக்கலாம். காய்ந்து போன மட்டையையும் உதறாமல் தாங்கி நிற்கும் மரத்தை முஸ்லிமுக்கு உவமையாக்கியதில், முதுமையுற்றோரைத் தாங்கும் பண்பும் அடங்கியிருக்கலாம் அல்லவா என்று நம் உள்ளம் எண்ணிற்று. இது நம் எண்ணமே தவிர, நூலோர் விளக்கம் அல்ல. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

மதரஸா திறந்ததும் அந்த மாணவனை அழைத்து, அன்று நாம் சரியாகப் பதில் கூறவில்லை என்று ஒப்புக்கொண்டோம். மறுநாள் வகுப்பையே ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம்.

சகோதர சகோதரிகளே! ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பூங்காவிலுள்ள மரங்களெல்லாம் நாம் காணாத யாரோ நட்டவை. நமக்குப் பின் நாம் காணாத யாரோ வந்து பார்க்கப் போகிறவை. இடையில் நிற்பவர்கள் நாம். அடிமரத்தில் கத்தியால் பெயரைச் செதுக்குவதும், கிளையை முறிப்பதும், நிழலில் அசுத்தம் செய்வதும் இருபுறத்தாருக்கும் செய்யும் அநீதி. மக்கள் தங்கும் நிழலை அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறோம். இத்தகைய செயல்களில் நம் பிள்ளைகள் ஈடுபட்டால் குழந்தைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

பெங்களூர் வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பூங்காவில், பள்ளிக்கூட வாசலில், இல்லையேல் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு முருங்கையும் கறிவேப்பிலையும் போதும். அதன் பெயரைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டறியுங்கள். எப்போது தளிர்க்கிறது, எந்தப் பூச்சி வருகிறது, பிஞ்சு கனியாக எத்தனை நாளாகிறது என்று ஓராண்டு கவனியுங்கள். நாகலிங்கத்தின் காய் முதிர ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். காய்க்கும்போதும் கனியும்போதும் பாருங்கள் என்ற கட்டளையை நிறைவேற்ற அவ்வளவு பொறுமை வேண்டும். பிள்ளை பெயர் கேட்டால் ஏதோ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "தெரியாதம்மா, வா பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

நாம் பறித்த அந்தப் பூவை மகள் அன்றிரவு ஒரு கிண்ணத்து நீரில் வைத்திருந்தாள். விடிவதற்குள் அது கறுத்துவிட்டது. இப்போதெல்லாம் அவள் கீழே விழுந்ததை மட்டுமே எடுக்கிறாள். அதையும் நன்றாகப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுகிறாள்.

வல்ல நாயன் நம் கண்களுக்கு அவற்றின் ஹக்கை நிறைவேற்றும் தவ்ஃபீக்கையும், நம் கைகளுக்குப் பிறர் ஹக்கைத் தீண்டாத பேணுதலையும் தந்தருள்வானாக! ஆமீன்.